ஊசிக்குப் பயம், போத்தலுக்குப் பயமில்லை

கேள்வி: எனக்கு வயது 54. தருமபுரத்தில் வயலும் கச்சானுமாகச் சீவிக்கிறோம். நான்கு வருடமாக இரண்டு முழங்காலிலும் நோ. வலது காலில் கூட. நிலத்தில் இருந்தால் எதையாவது பிடித்துத்தான் எழும்ப வேண்டியிருக்கிறது. எக்ஸ்றே பார்த்த டொக்டர் தேய்மானம் என்றார். சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் கிளினிக்கில் மெற்போமின், லொசாட்டன், அஸ்பிரின் தருகிறார்கள். 2009இல் பட்ட ஷெல் துண்டொன்று வலது தொடையில் இன்னும் இருக்கிறது. எடுத்தால் நரம்பு பழுதாகும் என்று விட்டுவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகன், வவுனியாவில் அக்குபங்சர் செய்யும் இடமொன்றுக்குப் போகச் சொல்கிறான். ‘டு ஹுவோ ஜி ஷெங்’ என்று பெயர் போட்ட சீன மூலிகைத் தூள் இரண்டு போத்தலும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஊசியென்றால் எனக்குச் சரியான பயம். மூலிகைதானே, அதை மட்டும் குடித்துப் பார்க்கலாமா? குளிசைகளை நிறுத்த வேண்டுமா? ஊசி அந்த ஷெல் துண்டைக் கரைக்குமா? ஊசி போட்ட நாளில் முழுகலாமா?

பதில்:

அம்மா,

சித்த மருத்துவம் படித்து, பின்னர் அக்குபங்சரும் பயின்று, இரண்டையும் இந்த வன்னி மண்ணிலேயே செய்துவருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் ஊசிக்குப் பயம் இருக்கிறது, போத்தலுக்குப் பயமில்லை. என்னிடம் முதன்முதலாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதே மனநிலையோடுதான் வருகிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் உடல்நிலையை, குறிப்பாக அந்த மூன்று குளிசைகளின் பெயரை, வைத்துப் பார்க்கும்போது பயத்தை இடம் மாற்றி வைத்துக்கொள்ளும்படிதான் நான் சொல்வேன். ஊசியைத் தகுந்த ஒருவரிடம் போட்டுப் பார்க்கலாம். போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம்.

முதலில் ஊசியைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் ஊசிக்கு நடுவில் துளை இருக்கும். அதன் பருமன் ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர். அக்குபங்சர் ஊசியில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. துருப்பிடிக்காத உருக்கினால் செய்த, பெரும்பாலும் 0.25 மில்லிமீற்றர் பருமனுள்ள மெல்லிய கம்பி அது; விரலால் தொட்டால் வளையும். தோலைத் தாண்டும்போது நுளம்பு கடித்த அளவுக்கு ஒரு சுருக்கு இருக்கலாம், சில இடங்களில் அதுவும் தெரியாது. அதன் பிறகு வருவதுதான் புதியவர்களைத் திடுக்கிட வைப்பது. ஊசி உரிய ஆழத்தை அடைந்ததும் அந்த இடத்தில் ஒரு கனம், ஓர் உளைவு, சில வேளை கால்விரல் வரைக்கும் ஓடும் விறைப்பு ஏற்படும். சீனர் இதை ‘தே சி’ என்பார்கள். ‘சி’, அதாவது உடலில் ஓடுவதாக அவர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி, வந்து சேர்ந்தது என்பது பொருள். நரம்பில் பட்டுவிட்டது என்று எண்ணிக் காலை இழுத்துவிடாமல், “உளையுது” என்று வாயால் சொன்னால் போதும். ஆனால் மின்சாரம் அடித்ததுபோல் சுரீரென்று வெட்டினால் அது வேறு. உடனே சொல்லுங்கள், ஊசியைச் சற்று வெளியே இழுப்பார்கள்.

ஊசிகளைப் போட்டபின் இருபது நிமிடமோ அரை மணித்தியாலமோ அப்படியே படுத்திருக்க வேண்டும். பலர் அந்த நேரத்தில் நித்திரை கொண்டுவிடுகிறார்கள். ஊசி கழற்றியதும் ஓரிரு இடத்தில் ஒரு துளி இரத்தம் வரலாம். நீங்கள் அஸ்பிரின் எடுப்பதால் மற்றவர்களை விட எளிதில் கண்டிப்போகவும் கூடும். பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். இதற்காக அஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. மற்றக் குளிசைகளுக்கும் இதுவே பதில்: எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அதைத் தீர்மானிப்பது உங்கள் கிளினிக் வைத்தியர். “என்னிடம் வந்தால் இங்கிலிஷ் மருந்து எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்” என்று முதல் நாளே சொல்கிற ஒருவரிடம் நீங்கள் இரண்டாம் நாள் போகத் தேவையில்லை.

ஆனால் நல்ல இடமாக இருந்தால் முதல் நாளில் ஊசி ஒரு சிறிய பங்குதான். கேள்விகளும் சோதனையும்தான் நேரத்தைப் பிடிக்கும். முழங்கால் நோவுக்கு வந்த என்னிடம் ஏன் நித்திரையையும், தாகத்தையும், மலம் போவதையும், மாதவிடாய் நின்ற காலத்தையும் கேட்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும். குளிரில் கூடுகிற நோவா, வெயிலில் கூடுகிற நோவா, நடக்க நடக்கக் குறைகிறதா கூடுகிறதா என்பவற்றையெல்லாம் கொண்டுதான் சீன மருத்துவம் நோய்க்குப் பெயர் வைக்கிறது. உங்கள் எக்ஸ்றேயில் தேய்மானம் என்று எழுதப்பட்டதை அது ‘காற்று, குளிர், ஈரம்’ மூட்டில் அடைத்துக்கொண்டதாகச் சொல்லும். நம் பரியாரிமார் வாதம் என்று சொல்வதற்கு இது தூரத்துச் சொந்தம். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறம், படிவு, ஓரத்தில் பல் பதிந்த அடையாளம் ஆகியவற்றைப் பார்ப்பார். ஆகவே அன்று காலையில் நாக்கை வழிக்க வேண்டாம். வெற்றிலை போடவே வேண்டாம், போட்டால் நாக்கு சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். நாடியும் பார்ப்பார். சித்தத்தில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பதும், பெண்ணுக்கு இடக்கை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீன முறையிலும் மூன்று விரல்தான்; ஆனால் இரு கையிலும் பார்ப்பார்கள், விரலை மெல்ல வைத்தும் அழுத்தி வைத்தும் பார்ப்பார்கள்.

ஊசி போடும் புள்ளிகளை அளக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு வர்மம் பார்க்கிற ஆசான்மாரின் விரற்கடைக் கணக்கு நினைவுக்கு வரும். நோயாளியின் பெருவிரல் அகலம் ஒரு ‘சுன்’, நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று ‘சுன்’. அளவுகோல் அவரவர் கைதான். முழங்கால் சில்லுக்குக் கீழே, வெளிப்பக்கத்துக் குழியில் ஒரு புள்ளி இருக்கிறது. அதன் சீனப் பெயருக்குக் கன்றின் மூக்கு என்று பொருள். முழங்காலை மடித்து அந்தக் குழியைப் பாருங்கள், பெயர் வைத்தவன் மாடு வளர்த்தவன் என்பது விளங்கும். அதிலிருந்து நான்கு விரல் கீழே ‘சு சான் லி’ என்னும் புகழ்பெற்ற புள்ளி. உலக சுகாதார நிறுவனம் இடம் வரையறுத்திருக்கும் 361 புள்ளிகளில் உங்கள் காலுக்கு எட்டோ பத்தோதான் தேவைப்படும்.

இதனால் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் பணமும் பஸ் பயணமும் செலவாகிற விடயமாதலால் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் முழங்கால் தேய்மானமுள்ள 1007 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளியானது. பத்துத் தடவையும் தேவைப்பட்டோருக்கு மேலும் ஐந்து தடவையும் ஊசி போடப்பட்டது. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது முறைப்படி ஊசி போடப்பட்டவர்களில் 53.1 வீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். வைத்தியரைப் பார்த்து நோக்குளிசையும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில் அது 29.1 வீதம். இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்ட மூன்றாவது குழுவிலும் 51 வீதத்தினர் தேறியிருந்தார்கள். எங்கள் தொழிலில் உள்ள பலர் இந்த மூன்றாவது எண்ணைச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஊசி நோவைக் குறைக்கிறது என்பதும், எந்தப் புள்ளி என்பது நாங்கள் பெருமையடித்துக்கொள்கிற அளவுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம் என்பதும் இரண்டும் இதிலிருந்து தெரிகின்றன. ஊசி குத்தும்போது உடல் தன் சொந்த நோக்கொல்லிகளான என்டோர்பின்களைச் சுரக்கிறது என்பதற்கு 1970களிலிருந்தே சான்றுகள் உண்டு. அவற்றைத் தடுக்கும் நலோக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது ஊசியின் பலன் குறைந்ததைக் கண்டார்கள். தேய்ந்த மூட்டை ஊசி வளர்க்காது. நோவைக் குறைத்து, நீங்கள் நடக்கவும் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைச் செய்யவும் வழிவிடும். அந்தப் பயிற்சியைச் செய்யாவிட்டால் கிடைத்த பலன் நிற்காது.

ஷெல் துண்டை ஊசி கரைக்காது. இரும்பு இரும்பாகத்தான் இருக்கும். ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதை ஊசி போடுகிறவர் அறிந்தேயாக வேண்டும். எனவே தொடை எக்ஸ்றே கைவசம் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள். துண்டுள்ள இடத்தைச் சுற்றி ஊசி போடக் கூடாது. ஊசிகளில் மெல்லிய மின்சாரம் விடும் கருவியை அந்தத் தொடையில் பாவிக்கவும் கூடாது. இந்தப் பகுதியில் வேலை செய்யும் எங்களுக்கு இது புதிய சங்கடமன்று. காலில் போட முடியாதபோது கையிலும், வலப்பக்கம் முடியாதபோது இடப்பக்கமும் போடுகிற முறை பழைய சீன நூல்களிலேயே உண்டு. கால் இழந்தவர்களுக்கு, இல்லாத பாதத்தில் எரிகிற நோவுக்காக, மற்றக் காலில் போடுவதும் அந்த முறையில்தான். தொடையில் துண்டுள்ள இடம் எப்போதாவது சிவந்து வீங்கினால், சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், அக்குபங்சருக்கும் வர வேண்டாம், எண்ணெயும் பூச வேண்டாம். நேரே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனி வருத்தத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்துத் திரித்துச் சுருட்டி, அதன் தணலைப் புள்ளிக்கு அருகே பிடித்துச் சூடு காட்டுவது ‘மொக்சா’ எனப்படும். ஊசியோடு சேர்த்துச் செய்வது வழக்கம். நீண்டகாலச் சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், ஆறவும் மாட்டாது. முழங்காலுக்குக் கீழே சூடு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனிப் போத்தலுக்கு வருகிறேன். சீனத்தில் ஒரு மூலிகையைத் தனியே கொடுப்பது குறைவு. பல மூலிகைகளைச் சேர்த்து ஒரு யோகமாகவே கொடுப்பார்கள். அந்தச் சேர்க்கைக்கு அரசாட்சி உவமை ஒன்று உண்டு. நோயை நேரே எதிர்க்கும் மூலிகை அரசன், அவனுக்குத் துணை நிற்பது அமைச்சன், கடுமையைத் தணிப்பது உதவியாள், மருந்தை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்வது தூதன். முன்பெல்லாம் இவற்றை அரை மணித்தியாலம் ஊறவைத்து, மண்சட்டியில் வற்றக் காய்ச்சி, வடித்து, இரண்டாம் முறையும் காய்ச்சிக் குடிப்பார்கள். எட்டுச் சுண்டை ஒரு சுண்டாக்கிய நம் குடிநீரைப் போலத்தான், கசப்பும் அப்படித்தான். இப்போது அந்த வடிநீரை உலர்த்தித் தூளாக்கிப் போத்தலில் அடைக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து பங்கு மூலிகை ஒரு பங்குத் தூளாகிறது. எனவே ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு தேக்கரண்டி மல்லியைப் போல நினைக்கக் கூடாது.

‘டு ஹுவோ ஜி ஷெங்’ என்பது 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்னும் பெருமருத்துவரின் நூலில் வரும் யோகம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் கொடுப்பது. பதினைந்து சரக்குகள் கொண்டது. உங்கள் மகன் தேடிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார், தவறான மருந்தை வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதினைந்தில் மூன்றைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. ஒன்று அதிமதுரம். அது இருமலுக்கு வாயில் போட்டுக்கொள்கிற அளவில் நல்லது. நாட்கணக்கில் கூடுதலாகக் குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், அதாவது நீங்கள் லொசாட்டன் போட்டு இறக்குவதை அது ஏற்றிவிடும். மற்றது ‘தாங் குவெய்’ என்னும் வேர். இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் பாவிக்க வேண்டும். நீங்கள் அஸ்பிரின் எடுக்கிறீர்கள்.

மூன்றாவதுதான் பெரிது. ‘சி சின்’ என்ற அந்த வேர் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்ரோலோகிக் அமிலம் என்றொரு பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தை மீளாதபடி கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். விசாரித்ததில், ‘ஃபாங் ஜி’ என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த ‘குவாங் ஃபாங் ஜி’ என்னும் வேறொரு செடி, அதே ஆடுதீண்டாப்பாளை இனம், கலந்துவிட்டது தெரியவந்தது. ‘சி சின்’ வேரில் அந்த அமிலம் இலையை விடக் குறைவு என்பதால் சீன அரசின் மருந்துநூல் 2005 முதல் வேர்ப்பகுதியை மட்டும் ஏற்கிறது. சில தயாரிப்பாளர்கள் இந்தச் சரக்கையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் போத்தலில் அது இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. நம் சித்த வைத்தியத்திலும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் புழங்குகின்றன. ஆகையால் இதைச் சீனர்மேல் மட்டும் சுமத்திவிட்டு நான் ஒதுங்க முடியாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இடமும் ஒரு காரணம். வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பரவலாகக் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. வெயிலில் நின்று வயல் செய்பவர்கள், கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள், அதற்குமேல் சீனியும் பிரஷரும் உள்ளவர்கள், இவர்களின் சிறுநீரகத்துக்கு ஏற்கனவே சுமை போதும். மெற்போமினும் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. அடுத்த கிளினிக்கில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சீரம் கிரியாட்டினின் என்னும் இரத்தச் சோதனையை எப்போது செய்தார்கள், எவ்வளவு என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். நோவுக்கென்று பாமசியில் தாமாக வாங்கும் டைக்குளோபினாக் குளிசையும் இந்தக் கணக்கில் வரும். கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை, வாங்குவதில்லை என்று நம்புகிறேன்.

மூலிகை என்று விற்கப்படும் மூட்டுநோக் குளிசைகளில் அதே டைக்குளோபினாக்கையும் ஸ்ரீரொயிட்டையும் களவாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மூலிகை மெல்லத்தான் வேலை செய்யும். ஒரே இரவில் நோ பறந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இதையெல்லாம் வாசித்துச் சீன மூலிகையை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். வன்னியில் வளர்ந்த உங்களுக்கு மலேரியாக் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அதற்கு முந்திய வருடம், 2015இல், மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைக் கண்டறிந்ததற்காகச் சீனத்தின் து யூயூ அம்மையார் நோபெல் பரிசு பெற்றார். ‘சிங் ஹாவோ’ என்னும் செடியைப் பலவாறு காய்ச்சிப் பார்த்தும் பலன் நிலையாக வராதபோது, பதினாறு நூற்றாண்டுக்கு முந்திய நூலொன்றில் அதை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததை அவர் கவனித்தார்; சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று விளங்கிக்கொண்டு, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். பழைய நூல் வழியைக் காட்டியது. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்பதைச் சோதித்தறிந்த பிறகுதான் அது குளிசையாக மக்களிடம் வந்தது. அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் போத்தலிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மகனிடம் போத்தலின் நான்கு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். சரக்குகளின் இலத்தீன் தாவரப் பெயர்ப் பட்டியலையும், கனடாவில் அந்த மருந்துக்குப் பதிவு இலக்கம் உண்டா என்பதையும் அவர் கடையில் கேட்டு எழுதட்டும். அந்தப் பட்டியலோடும் கிளினிக் கொப்பியோடும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை போத்தல் அலுமாரியில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் இருந்தால் எட்டாத தட்டில்.

வவுனியா இடத்துக்குப் போவதானால், சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிந்தவரா, அக்குபங்சரை எங்கே, எத்தனை காலம் படித்தார் என்று கேளுங்கள். இலங்கைக்கு இது நேற்று வந்த வைத்தியமன்று; பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய 1970களிலேயே கொழும்பு களுபோவில வைத்தியசாலையில் இதைச் செய்து, பலருக்குப் பயிற்றுவித்தார். எனவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முறையாகப் படித்தவர் கோபிக்க மாட்டார். ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். பாவித்த ஊசி அப்போதே கடினமான பெட்டிக்குள் போக வேண்டும், கிருமிநீக்கித் திரும்பப் போடுகிறோம் என்றால் வந்துவிடுங்கள். பெண் உதவியாளர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டணத்தையும் எத்தனை தடவை என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இருபது தடவைக்கான பணத்தை முற்கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம். வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவையாக ஆறு தடவை போய்ப் பாருங்கள். போக முன், நிலத்திலிருந்து எழும்ப எத்தனை தடவை ஊன்ற வேண்டியிருக்கிறது, வளவின் கடைசி வரை நிற்காமல் நடக்க முடிகிறதா, இரவில் நோவால் எத்தனை தடவை எழும்புகிறீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆறாவது தடவைக்குப் பிறகு அந்தக் குறிப்பைப் பார்த்து ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். உங்கள் காலுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

போகிற நாளில் விரதம் வேண்டாம். வெள்ளிக்கிழமையானால் வேறு நாள் எடுங்கள். மெற்போமினும் போட்டு, வெறும் வயிற்றோடு ஏ9இல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போய்ப் படுத்து ஊசி போட்டால் தலைசுற்றி வியர்த்துவிடும்; புதியவர்களுக்கு நான் அதிகம் கண்ட தொந்தரவு இதுதான். முழங்காலுக்கு மேலே இலகுவாக உயர்த்தக்கூடிய பாவாடை போன்ற உடை நல்லது. முடிந்ததும் பத்து நிமிடம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போங்கள், முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு.

முழுகலாம். ஊசி போட்ட இடம் சில மணித்தியாலத்தில் மூடிவிடும். பின்னேரம் மெல்லிய சுடுதண்ணீரில் முழுகுவதில் ஒரு பிழையும் இல்லை. குளத்திலோ வாய்க்காலிலோ இறங்குவதை மட்டும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.